ஆழம் கண்ட அறிஞர் ஹால்டேன்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நம் நாட்டுப் பழமொழி. நல்ல அறிவுரைதான். ஆயினும் முதலில் ஒருவர் இறங்கிப் பார்த்தால் அன்றோ மற்றவர்க்கு ஆழம் தெரியும்? காலை மட்டுமன்றித் தம் உடல் முழுவதையும் நீரிலும் பனியிலும் நச்சுக் காற்றிலும் இட்டு, ஆழம் கண்டு சொன்ன ஒருவரின் வரலாற்றை நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன். ஜே. பி. எஸ். ஹால்டேன் என்றால் உயிரியல் மாணவர் அனைவரும் அறிவர். மரபியலில் அவர் பெற்ற புகழை இங்கே விரிக்கப் போவதில்லை. மருத்துவம் பயிலும் எனக்கு அவர் வேறொரு வகையில் ஆசிரியர்.

என் ஊர் வெதுருகுப்பம். சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. வெதுரு என்றால் தெலுங்கில் மூங்கில். எங்கள் ஊரில் கடல் இல்லை. முத்துக் குளிப்பாரும் இல்லை. ஆழ்கடலில் மூழ்குவோரைப் பற்றி ஆராய்ந்தவரிடம் எங்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கடல் இல்லையே தவிர, கத்திரி வெயில் உண்டு. பாறையைப் பிளந்து தோண்டிய ஆழக் கிணறுகள் உண்டு. வெயிலில் நிலத்தில் உழைப்போரும், தூர் வாரக் கிணற்றில் இறங்குவோரும் உண்டு. வெயில், நீர், கெட்ட காற்று ஆகிய மூன்றும் உயிரை எப்படிப் பறிக்கின்றன என்பதை உலகுக்குக் காட்டியவர்களுள் தலையாயவர்கள் ஹால்டேனும் அவர் தந்தையுமே.

ஹால்டேன் 1892 நவம்பர் 5ஆம் நாள் ஆக்ஸ்போர்டில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன், மூச்சைப் பற்றிய ஆராய்ச்சியில் பெரும்புகழ் பெற்றவர். நிலக்கரிச் சுரங்கங்களில் மாண்டவர்களின் உடல்களை ஆராய்ந்து, வெடிப்பைவிட வெடிப்புக்குப் பின் பரவும் கார்பன் மோனாக்சைடே பலரைக் கொல்கிறது என்று காட்டியவர். அந்த நச்சைக் கண்டறியச் சிறு பறவைகளைக் கூண்டில் எடுத்துச் செல்லுங்கள் என்று தொழிலாளர்க்குச் சொன்னவரும் அவரே.

அத்தகைய தந்தைக்கு மகன் இளமையிலேயே உதவியாளன் ஆனான். ஒருநாள் சுரங்கத்தின் ஒரு பகுதியில் சிறுவனை நிற்க வைத்து, ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் ஆண்டனி பேசும் பேச்சை ஒப்பிக்கச் சொன்னார் தந்தை. சிறுவன் சொல்லத் தொடங்கினான். சிறிது நேரத்தில் மூச்சு வாங்கியது, கால்கள் தளர்ந்தன, கீழே விழுந்தான். விழுந்ததும் தெளிந்தான்! மீத்தேன் காற்றைவிட இலேசானது, மேலே தங்கும். தரையருகே நல்ல காற்று இருந்தது. எந்த வாயு மேலே நிற்கும், எது கீழே தங்கும் என்பதை அந்தச் சிறுவன் பிறகு மறந்திருப்பானா?

கிணற்றில் நடப்பது இதற்கு நேர்மாறு. கரியமிலவாயு காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும். மேலே நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. இறங்கியவன் மயங்கி விழுவான். அவனைத் தூக்க அண்ணன் இறங்குவான். அவனைத் தேடி மாமன் இறங்குவான். ஒரு கிணறு ஒரே நாளில் ஒரு குடும்பத்தையே விழுங்கிவிடும். இது இன்றும் நம் நாட்டில் நடக்கிறது.

வெப்பத்தைப் பற்றியும் தந்தை ஆராய்ந்தார். வெப்பமானி காட்டும் எண் மட்டும் போதாது. காற்றில் உள்ள ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று 1905இல் எழுதினார். நம் வீட்டு மண்பானையே இதற்குச் சான்று. உலர்ந்த காற்று வீசும்போது பானை நீர் குளிர்கிறது, புழுக்கத்தில் குளிர்வதில்லை. உடலும் அப்படியே. வியர்வை ஆவியானால்தான் சூடு தணியும். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி, அசையாத காற்றில் ஏறத்தாழ 31 டிகிரி செல்சியசைத் தாண்டினால், சும்மா இருப்பவனுக்கும் உடல் வெப்பம் ஏறத் தொடங்கும் என்று கண்டார். உழைப்பவனுக்கு அந்த எல்லை இன்னும் தாழ்ந்தது. பாரசீக எண்ணெய் ஆலைகளில் வெப்பத்தால் வீழ்ந்தோரைப் பற்றி ஆராயச் சென்று திரும்பியதும், 1936 மார்ச்சில் அவர் காலமானார். எழுபத்தைந்து வயதிலும் அவரை அழைத்துச் சென்றது தொழிலாளியின் துன்பமே.

1906இல் தந்தை பிரிட்டிஷ் கடற்படைக்காக மூழ்குவோரை ஆராய்ந்தார். பதின்மூன்று வயது மகனும் ஸ்காட்லாந்துக் கடலில் இறங்கினான். பெரியவர்க்குத் தைத்த உடை. மணிக்கட்டின் வழியே நீர் புகுந்து உள்ளே ஏறியது. அஞ்சாமல் தன் வேலையை முடித்தே மேலே வந்தான். அந்த ஆராய்ச்சியின் பயன் 1908இல் வெளியாயிற்று. கோலி சோடாவைத் திறந்தால் நுரைக்கிறதல்லவா? ஆழத்தில் அழுத்தத்தால் உடலில் கரைந்த நைட்ரஜன், மனிதன் விரைந்து மேலே வந்தால் அவ்வாறே குமிழியாகிறது. மூட்டுகளில் நோவும், முதுகுத்தண்டில் புகுந்தால் முடமும், சில வேளை சாவும் தருகிறது. படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் தங்கி மேலே வரவேண்டும் என்று வெள்ளாடுகளை வைத்தும் மனிதரை வைத்தும் ஆராய்ந்து அட்டவணை வகுத்தார் தந்தை. உலகக் கடற்படைகள் பல அதைப் பின்பற்றின.

மகன் ஈட்டனிலும் ஆக்ஸ்போர்டிலும் படித்தார். முதல் உலகப் போரில் 1915இல் ஜெர்மானியர் குளோரின் வாயுவை ஏவியபோது, தந்தையும் மகனும் அடைத்த அறையில் அவ்வாயுவை முகர்ந்து முகமூடிகளைச் சோதித்தனர். மெசபொட்டேமியாவில் காயமுற்ற மகன், உடல் தேற இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். ஆள்வோனாக அன்றிச் சமமானவனாக வாழ முடியும் காலத்திலேயே மீண்டும் இங்கு வரவேண்டும் என்ற எண்ணம் அப்போது அவர் உள்ளத்தில் பதிந்தது. பிறகு கேம்பிரிட்ஜிலும் இலண்டனிலும் பணியாற்றினார். இரத்தத்தின் புளிப்பு கூடினால் மூச்சு எவ்வாறு மாறும் என்று அறிய அமோனியம் குளோரைடைக் கரைத்துத் தாமே குடித்தார். முயல் தன் வேதனையைச் சொல்லாது. மனிதன் சொல்வான் என்பது அவர் கொள்கை.

1939 ஜூன் முதல் நாள். தீட்டிஸ் என்ற புதிய நீர்மூழ்கிக் கப்பல் லிவர்பூல் விரிகுடாவில் வெள்ளோட்டத்தின்போது மூழ்கியது. உள்ளே 103 பேர். வழக்கமாக இருக்கவேண்டியவர்களைப்போல ஏறத்தாழ இருமடங்கு. கப்பலின் பின்பகுதி நீருக்கு மேலே தெரிந்தும், தப்பியவர் நால்வரே. தொண்ணூற்றொன்பது பேர் மாண்டனர். இறந்த தொழிலாளர்களின் சங்கம் ஹால்டேனை நாடியது. ஏன் மற்றவர் தப்ப முடியவில்லை? அவர் ஏட்டைப் புரட்டி விடை தேடவில்லை. இரும்பு அறையொன்றில் தம் தோழர்களுடன் புகுந்து கதவை அடைத்துக்கொண்டார். தாம் விட்ட மூச்சையே பல மணி நேரம் இழுத்தனர். தலை வெடிப்பதுபோல் வலித்தது, வாந்தி வந்தது. கரியமிலவாயு மிகுந்தபின் மனிதனுக்குக் கருவியை மாட்டித் தப்பும் வலுவும் தெளிவும் இருப்பதில்லை என்று தெரிந்தது. விசாரணை மன்றத்தில் அதையே எடுத்துச் சொன்னார்.

போர்க்காலம் முழுவதும் இந்தத் தவம் தொடர்ந்தது. ஹெலன் ஸ்பர்வே, மார்ட்டின் கேஸ் முதலியோர் உடன் இருந்தனர். ஏறத்தாழ முந்நூறு அடி ஆழத்தில் உள்ள அழுத்தத்துக்கு ஈடாகப் பத்து மடங்கு காற்றழுத்தத்தில் அறைக்குள் அமர்ந்தார். அங்கே நைட்ரஜனே கள்ளைப்போல் மயக்கியது. உருகும் பனிக்கட்டி நிறைந்த தொட்டியில் கிடந்து, கரியமிலவாயு கலந்த காற்றை முகர்ந்தார். சுவையற்றது என நாம் படிக்கும் பிராணவாயு, மிகுந்த அழுத்தத்தில் இஞ்சிச் சாறு கலந்த சோடாவைப்போல் சுவைப்பதைக் கண்டார். அதே பிராணவாயு அவருக்கு வலிப்பையும் தந்தது. அந்த வலிப்பில் முதுகெலும்பு நைந்தது. அந்த நோவு பிறகு அவரை விட்டு நீங்கவில்லை. செவிப்பறையும் கிழிந்தது. இவ்வளவையும் பிறர் உடலில் செய்து பார்த்திருக்கலாம். அவரோ தம்மையே முதலில் நிறுத்தினார். இந்த அறிவு, சிறு நீர்மூழ்கிகளில் சென்ற வீரர்கள் பலருக்குக் காப்பாயிற்று.

விடுதலை பெற்ற இந்தியாவுக்கு 1957இல் ஹால்டேன் வந்தார். கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பணியாற்றினார். நம் உடையை உடுத்தார். புலால் உணவை விட்டார். இந்தியக் குடிமகனும் ஆனார். விலையுயர்ந்த கருவி இல்லையே என்று ஏங்கிய மாணவரிடம், கண்ணும் பொறுமையும் கருவிகளே என்று காட்டினார். தென்னை மரங்களின் இடஞ்சுழி, வலஞ்சுழியை எண்ணி ஆராய்ந்த டேவிஸ் அவருடைய தோழருள் ஒருவர். 1962இல் புவனேசுவரம் சென்றார். அங்கே புற்றுநோய் அவரைப் பற்றியது. அதனையும் நகைத்து ஒரு கவிதை எழுதினார். 1964 டிசம்பர் முதல் நாள் காலமானார்.

அவர் வாழ்வின் கடைசிச் செயல் நம் மாநிலத்தைச் சேர்ந்தது. தம் உடலை எரிக்கவோ புதைக்கவோ வேண்டாம் என்று எழுதி வைத்திருந்தார். அவ்வுடல் ஆந்திரத்தில் காக்கிநாடா நகரின் ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்குச் சென்றது. பனியையும் நஞ்சையும் அழுத்தத்தையும் தாங்கிய எலும்புகள் மாணவர்க்குப் பாடமாயின. நைந்த அந்த முதுகெலும்பைப் பற்றி எண்ணும்போதெல்லாம் என் கைகள் தாமே குவிகின்றன.

கைகூப்புவதோடு நின்றுவிட்டால் போதுமா, நண்பர்களே? விடுமுறையில் நாம் ஊருக்குப் போகிறோம். வெயிலில் ஒருவர் விழுந்து, உடல் கொதித்து, பேச்சுக் குழறினால், வண்டி வரும்வரை காத்திருக்கலாகாது. நிழலில் கிடத்தி உடலெங்கும் நீரூற்றி விசிற வேண்டும். நினைவில்லாதவர் வாயில் நீர் ஊற்றக்கூடாது. நீரில் மூழ்கியவரைத் தலைகீழாகச் சுழற்றுவதில் பயனில்லை. மூச்சில்லையென்றால் வாயோடு வாய் வைத்து உடனே மூச்சு ஊதவேண்டும், நெஞ்சையும் அழுத்தவேண்டும். கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்க்கவேண்டும், அணைந்தால் இறங்கலாகாது. எரிந்தாலும் அச்சம் முற்றும் நீங்கியதாகக் கொள்ளாமல், இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஆட்களை நிறுத்தவேண்டும். விழுந்தவன் பின்னால் வெறுங்கையோடு எவரும் குதிக்கக்கூடாது.

இவற்றை நம் தாய்மொழியில், திண்ணையிலும் களத்துமேட்டிலும் சொல்ல எந்தப் பட்டமும் வேண்டியதில்லை. ஆழத்தை ஒருவர் அளந்து கொடுத்துவிட்டார். அதை அறியாமல் இன்னும் எவரேனும் காலை விட்டு மாண்டால், அந்தப் பழி படித்த நம்மையே சாரும்.