கவிஞர் ரொபேர் தெஸ்னோஸ்

மக்கட்குப் பெற்றோர் அளிக்கும் முதல் உடைமை பெயராகும். உடல் மறைந்த பின்னரும் உலகில் எஞ்சி நிற்பது அதுவே. அதனையும் பறிக்கத் துணிந்த கொடுங்கோலர் காலத்தில், தம் பெயரோடு இறக்கும் பேற்றை ஒரு மாணவனாற் பெற்ற கவிஞரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ரொபேர் தெஸ்னோஸ் 1900-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4-ஆம் நாள் பாரிஸ் மாநகரிற் பிறந்தார். தந்தையார் அந்நகர்ப் பெருஞ்சந்தையில் கோழி முதலியன விற்ற வணிகர். மைந்தரோ வணிகத்தை விரும்பாது கவிதையை நாடினார். கனவையே பாட்டின் ஊற்றாகக் கொண்ட சர்ரியலிஸக் கவிஞர் குழுவிற் சேர்ந்து, துயில்வார் போற் கண்மூடியிருந்தே கவி சொல்லும் ஆற்றலாற் புகழெய்தினார். பின்னர் அக்குழுவினின்று பிரிந்து, வானொலியிலும் பத்திரிகையிலும் பணியாற்றினார். சிறுவர்க்கென அவர் இயற்றிய விலங்குப் பாடல்களைப் பிரெஞ்சுப் பள்ளிச் சிறார் இன்றும் பயில்கின்றனர்.

1940-ஆம் ஆண்டு ஜெர்மானியர் பாரிஸைக் கைப்பற்றினர். தெஸ்னோஸ் மறைவாக இயங்கிய விடுதலைக் குழுவொன்றிற் சேர்ந்து, பத்திரிகை நிலையத்திற் கிடைத்த செய்திகளை அதற்கு அனுப்பினார். ஆபத்திலிருந்தோர் வேறு பெயரில் ஒளிந்து வாழுமாறு பொய்ச் சீட்டுகளும் ஆக்கித் தந்தார். 1944 பிப்ரவரி 22-ஆம் நாள், தம்மைப் பிடிக்க வருகின்றனர் என்ற எச்சரிக்கை கிடைத்தும் அவர் ஓடினாரல்லர்; தமக்கு ஈடாக மனைவியாரைச் சிறைப்படுத்துவர் என அஞ்சி இல்லத்திலேயே இருந்து பிடிபட்டார்.

ஏப்ரல் இறுதியில் ஏறத்தாழ 1,700 கைதிகளோடு அவர் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கே கையில் எண் பச்சை குத்தப்பட்டது. பெயர் போய் எண் வந்தது. பின்பு புக்கன்வால்டு, பிளாசன்பர்க் முகாம்களைக் கடந்து, பிளோகா என்னும் ஊரில் விமான உறுப்புகள் செய்யும் வேலையில் அடைக்கப்பட்டார். 1945 ஏப்ரலில் நேசப் படைகள் நெருங்கவே, காவலர் கைதிகளைக் கால்நடையாகத் துரத்தினர். வழியிற் பலர் மாண்டனர். தெஸ்னோஸ் செக் நாட்டுத் தெரெசின் நகரை அடைந்தார். மே திங்களில் விடுதலையும் வந்தது. அதனோடு டைபஸ் என்னும் கொள்ளைக் காய்ச்சலும் வந்தது.

நோயாளிகளைப் பேண வந்தோருள் ஒரு செக் மாணவன் இருந்தான். ஜூன் தொடக்கத்தில் ஒருநாள் நோயாளிகளின் பட்டியலைப் பார்த்தவன் ஒரு பெயர் கண்டு திடுக்கிட்டான். பிரெஞ்சுக் கவிஞர் நூல்களைக் கற்றவனாதலின் அப்பெயரை அறிவான். அவர் நிழற்படத்தையும் ஒரு நூலிற் கண்டிருந்தான். படுக்கைதோறும் தேடிச் சென்று, எலும்புந் தோலுமாய்க் கிடந்த ஒருவரை அணுகி, தெஸ்னோஸ் என்னுங் கவிஞரை அறிவீரோ என வினவினான். அவர் தாமே அக்கவிஞர் என்றார். அவனும் ஒரு தாதியும் எஞ்சிய நாள்களில் அவரைக் கண்ணெனக் காத்தனர். எனினும் ஜூன் 8-ஆம் நாள் வைகறையில் அவர் உயிர் நீங்கிற்று. அவர்தம் சாம்பல் பாரிஸுக்குக் கொணரப்பெற்று, மொம்பர்னாஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

ஆனால், அவரைப் போல விடுதலையைக் கண்ட பின் மாண்டோர் எத்துணையர்! பெர்கன்-பெல்சன் முகாம் ஏப்ரல் 15-ஆம் நாள் மீட்கப்பட்டது. அதன் பின்னர் அங்கு இறந்தோர் மட்டும் 13,000-க்கு மேற்பட்டவர். அவருட் பெரும்பாலோர் யூதர். முகாம் ஏடுகளைக் காவலர் முன்னரே எரித்துவிட்டமையால், எண்ணற்றோர் பெயரின்றிப் பெருங்குழிகளிற் புதைக்கப்பட்டனர். எஞ்சிய பயணப் பட்டியல்களையும் மருத்துவமனைக் குறிப்புகளையும் உற்றார் கடிதங்களையும் ஒப்பிட்டு, அப்பெயர்களை ஒவ்வொன்றாக மீட்கும் பணி ஜெர்மனியின் ஆரோல்சன் ஆவணக் காப்பகம் முதலியவற்றில் இன்றும் நடைபெறுகின்றது.

மாணவ நண்பர்காள்! தெஸ்னோஸ் புகழ்பெற்றவர், ஆதலின் அறியப்பட்டார். அருகிற் கிடந்தவர்க்கோ தம்மை அறிவார் எவருமிலர். நல்ல மேய்ப்பர் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைப்பவர் என நம் திருமறை போதிக்கின்றது. அவர் முன்னிலையிற் பெயரிழந்தார் ஒருவருமில்லை. நாமும் கற்ற கல்வியை அம்மாணவன் போல் அயலானை அறிதற்குப் பயன்படுத்துவோமாக.