சீனம் பேசிய சோலாப்பூர் டாக்டர்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் போதும். செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்காரர்கள் வண்டி வண்டியாக வந்து இறங்குவார்கள். சிப்ஸ் கடைக்காரர் அவர்களிடம் மலையாளத்திலேயே விலை சொல்வார். எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்? காதால் கேட்டு, வாயால் பேசிப் பழகியதுதான். தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும்.

மலையாளம் தமிழுக்கு நெருங்கிய உறவு. கேட்டாலே பாதி புரிந்துவிடும். ஆனால் ஒரு சொல்கூடப் புரியாத சீன மொழியை, அதுவும் குண்டு விழுகிற போர்க்களத்தில் கற்றுக்கொண்ட இந்தியர் ஒருவர் இருந்தார். அவர்தான் டாக்டர் துவாரகநாத் கோட்னிஸ்.

மகாராஷ்டிராவில் உள்ள சோலாப்பூரில், 1910ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி பிறந்தவர் கோட்னிஸ். மும்பையில் மருத்துவம் படித்தார். 1937இல் ஜப்பான் சீனாவின் மீது படையெடுத்தது. காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை தரப் போதிய டாக்டர்கள் அங்கே இல்லை. சீனத் தளபதி சூ தே, நேருவுக்குக் கடிதம் எழுதி உதவி கேட்டார். அப்போது காங்கிரஸ் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸ் மக்களிடம் நிதி திரட்டினார். 1938 செப்டம்பரில் ஐந்து டாக்டர்கள் மும்பையில் கப்பல் ஏறினார்கள். அவர்களில் கோட்னிஸும் ஒருவர். நம் நாடே அப்போது அடிமைப்பட்டுக் கிடந்தது என்பதை மறந்துவிடாதீர்கள்!

சீனாவில் இறங்கியதும் முதல் தொல்லை மொழிதான். நோயாளிக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்கத் தெரியாத டாக்டர் என்ன செய்வார்? எப்போதும் பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ள முடியுமா?

சீனம் பேசுவதில் உள்ள சிரமம் என்ன தெரியுமா? அதில் குரலின் ஏற்ற இறக்கம்தான் பொருளைத் தீர்மானிக்கும். "தாங்" என்று ஒரே மட்டமாக, உயர்ந்த குரலில் நீட்டிச் சொன்னால் சூப். கேள்வி கேட்பதுபோலக் குரலை உயர்த்திச் சொன்னால் சர்க்கரை. குரலைத் தாழ்த்தி, பிறகு மேலே தூக்கினால் படுத்துக்கொள். அதட்டுவதுபோலச் சட்டென்று இறக்கினால் சுடுவது. நான்கையும் ஒருமுறை சொல்லிப் பாருங்களேன்! காயம்பட்டவரைப் படுக்கச் சொல்ல நினைத்து, குரல் கொஞ்சம் பிசகினால் சூப் என்று ஆகிவிடும். நாம் பல்லி, பள்ளி என்பதில் நாக்கைக் கவனிப்பதுபோல், அவர்கள் குரலைக் கவனிக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் சீனம் எளிது. வந்தேன், வருகிறேன், வருவேன் என்று வினைச்சொல் உருமாறாது. நேற்று, நாளை என்று சேர்த்துக்கொண்டால் போதும். எழுத்து மட்டும் மலைக்க வைக்கும். நமக்கு இருப்பது 247 எழுத்து. அங்கே செய்தித்தாள் படிக்கவே ஆயிரக்கணக்கில் தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்து டாக்டர்களுக்கும் சீனப் பெயர் சூட்டினார்கள். எல்லாப் பெயரும் 'ஹுவா' என்று முடியும். ஹுவா என்றால் சீனா. கோட்னிஸின் பெயர் கெ திஹுவா. சீனாவுக்குப் போன சில மாதங்களிலேயே, ஊரில் அவர் தந்தை இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. கோட்னிஸ் திரும்பிப் போகவில்லை. 1939 பிப்ரவரியில் யேனான் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து போர் முனைக்கும் சென்றார். ஒரு சமயம் 72 மணி நேரம் இடைவிடாமல் அறுவைச் சிகிச்சை செய்தார் என்று சொல்வார்கள்.

கனடா நாட்டு டாக்டர் நார்மன் பெத்யூன் அந்தப் பகுதியில் சேவை செய்து 1939இல் இறந்தவர். அவர் பெயரில் அமைந்த மருத்துவமனைக்கு 1941இல் கோட்னிஸ் இயக்குநரானார். மருத்துவ மாணவர்களுக்குப் பாடமும் நடத்தினார், சீன மொழியிலேயே! இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சொல்கூடத் தெரியாமல் நின்றவர் அவர்.

அதே ஆண்டில் குவோ சிங்லான் என்ற செவிலியரை மணந்தார். 1942 ஆகஸ்டில் மகன் பிறந்தான். யின்ஹுவா என்று பெயர் வைத்தார்கள். யின் என்றால் இந்தியா. ஹுவா உங்களுக்குத்தான் தெரியுமே!

அந்த ஆண்டு கோட்னிஸுக்கு வலிப்பு நோய் வந்தது. ஓய்வெடுக்கச் சொன்னார்கள், அவர் கேட்கவில்லை. மாணவர்களுக்காக அறுவைச் சிகிச்சைப் பாடநூல் ஒன்றைச் சீன மொழியில் எழுதி முடித்திருந்தார். அடுத்ததைப் பாதிவரை எழுதியிருந்தபோது வலிப்பு கடுமையாகத் தாக்கியது. 1942 டிசம்பர் 9ஆம் தேதி இறந்துபோனார். வயது 32தான். மற்ற நான்கு டாக்டர்களும் தாய்நாடு திரும்பிவிட்டார்கள்.

ஷிஜியாசுவாங் என்ற நகரத்தில் தியாகிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே பெத்யூனின் கல்லறையும் கோட்னிஸின் கல்லறையும் உள்ளன. சீனர்கள் இன்றும் அவரைக் கெ திஹுவா என்றுதான் சொல்கிறார்கள்.