யார் இந்த எலிசபெத் ரையன்? உடைந்துவிட்டதாகச் சொல்லப்படும் விம்பிள்டன் சாதனையின் கதை

1979 ஜூலை 6, வெள்ளிக்கிழமை. லண்டன் விம்பிள்டன் வளாகத்தில் 87 வயது மூதாட்டி ஒருவர் மயங்கி விழுந்தார். அன்றே உயிர் பிரிந்தது.

மறுநாள் அதே வளாகத்தில் மகளிர் இரட்டையர் இறுதிப் போட்டி. பில்லி ஜீன் கிங் – மார்ட்டினா நவ்ரத்திலோவா ஜோடி முதல் செட்டை இழந்து, பிறகு மீண்டு வந்து 5-7, 6-3, 6-2 என்று கோப்பையை வென்றது. கிங்குக்கு அது 20-வது விம்பிள்டன் பட்டம். 45 ஆண்டுகளாக யாரும் தாண்டாமல் இருந்த 19 என்ற எண் அன்றுதான் பின்னுக்குப் போனது.

அந்த 19 பட்டங்களுக்குச் சொந்தக்காரர், முந்தைய நாள் இறந்துபோன அந்த மூதாட்டிதான். பெயர் எலிசபெத் ரையன்.

சரி, இவ்வளவு பெரிய வீராங்கனையின் பெயரை நம்மில் பலர் ஏன் கேள்விப்பட்டதே இல்லை? பதில் எளிது. அந்த 19-ல் ஒன்றுகூட ஒற்றையர் பட்டம் இல்லை.

கலிஃபோர்னியாவிலிருந்து லண்டனுக்கு

ரையன் 1892-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்தில் பிறந்தவர். 20 வயதில் இங்கிலாந்துக்கு வந்தார். அதன்பின் வாழ்க்கையின் பெரும்பகுதி அங்கேயே கழிந்தது.

விம்பிள்டனில் மகளிர் இரட்டையர் பிரிவு முறைப்படி தொடங்கியது 1913-ல். அடுத்த ஆண்டே அகதா மார்ட்டனுடன் சேர்ந்து ரையன் அதை வென்றார். உடனே முதல் உலகப் போர் வந்தது. நான்கு ஆண்டுகள் போட்டியே நடக்கவில்லை.

வலைக்கு முன்னால் ஒரு சுவர்

அவருடைய பலம் இரண்டு. ஒன்று, பந்தைக் கீழ்நோக்கி வெட்டி அடிக்கும் 'சாப்' ஷாட். புல்தரையில் இப்படி அடித்த பந்து எழும்பாமல் தரையோடு சறுக்கும். திருப்பி அடிப்பவர் குனிந்து தூக்கித்தான் விட வேண்டும். அப்படித் தூக்கிவிடும் பந்துக்காக வலைக்குப் பக்கத்தில் காத்திருந்து, தரையில் படும் முன்பே அடித்து முடிப்பது இரண்டாவது பலம். அதுதான் 'வாலி'.

இரட்டையர் ஆட்டத்தில் வலையைப் பிடிக்கும் ஜோடிக்குத்தான் பாதி வெற்றி. ரையனின் ஆட்டம் இதற்கென்றே செய்தது போல இருந்தது.

ஜோடியும் அவரே, எதிராளியும் அவரே

போர் முடிந்ததும் ரையனுக்குக் கிடைத்த ஜோடி, பிரான்ஸின் சூசான் லெங்லென். அந்தக் காலத்தின் மிகப் பெரிய டென்னிஸ் நட்சத்திரம். இருவரும் சேர்ந்து 1919 முதல் 1923 வரை தொடர்ந்து ஐந்து முறையும், 1925-ல் ஒரு முறையும் விம்பிள்டனை வென்றார்கள். அங்கே இந்த ஜோடி தோற்றதே கிடையாது.

ஆனால் ஒற்றையரில்? 1921 இறுதிப் போட்டியில் ரையனை 6-2, 6-0 என்று தோற்கடித்தவர் அதே லெங்லென். 1930-ல் மீண்டும் ஒற்றையர் இறுதிக்கு வந்தார். இந்த முறை வீழ்த்தியவர் ஹெலன் வில்ஸ் மூடி. அந்த ஆண்டு ரையனின் இரட்டையர் ஜோடியும் அவரேதான்! இரண்டு ஆண்டுகளிலும், தன்னைத் தோற்கடித்தவருடன் கைகோத்து ரையன் இரட்டையர் கோப்பையைத் தூக்கினார்.

இவற்றைவிட வலித்திருக்கக்கூடியது 1926 அமெரிக்க சாம்பியன்ஷிப். 42 வயது மோல்லா மல்லோரிக்கு எதிரான இறுதிப் போட்டி. கடைசி செட்டில் 4-0 என ரையன் முன்னிலை. ஒரு புள்ளி எடுத்தால் பட்டம் என்ற நிலைக்கும் வந்தார். கடைசியில் அந்த செட் 9-7 என்று மல்லோரிக்குப் போனது.

ஜோடி பிரிந்த 1926

அதே ஆண்டு விம்பிள்டனில் இன்னொரு திருப்பம். பிரெஞ்சு வீராங்கனையுடன்தான் ஆட வேண்டும் என்று லெங்லெனுக்கு அவர் நாட்டு டென்னிஸ் அமைப்பு சொல்லிவிட்டது. தோற்கவே தோற்காத ஜோடி பிரிந்தது. ரையன், சக அமெரிக்கர் மேரி பிரவுனுடன் சேர்ந்தார்.

தொடக்கச் சுற்றிலேயே பழைய தோழிகள் எதிரெதிரே நின்றார்கள். ஆட்ட நேரக் குழப்பம், ராணி மேரி வந்து காத்திருந்த சர்ச்சை என்று லெங்லென் ஏற்கெனவே நொந்து போயிருந்தார். முதல் செட்டை இழந்த ரையன் ஜோடி, 3-6, 9-7, 6-2 என்று அந்த ஆட்டத்தை வென்றது. பிறகு பட்டத்தையும் வென்றது. லெங்லென் போட்டியிலிருந்து விலகினார். அந்த ஆண்டே பணத்துக்கு ஆடும் தொழில்முறை டென்னிஸுக்குப் போய்விட்டார். விம்பிள்டனுக்கு ஆட அவர் திரும்பவில்லை.

லெங்லென் இருந்ததால்தான் ரையன் வென்றார் என்று நினைத்தவர்களுக்கு அந்த ஆட்டம் பதில் சொன்னது. அடுத்த ஆண்டு ஹெலன் வில்ஸுடன் வென்றார். 1933, 1934-ல் பிரான்ஸின் சிமோன் மாத்யூவுடன் வென்றார். ஜோடிகள் மாறினார்கள், ரையன் மாறவில்லை. கடைசிப் பட்டத்தின்போது அவருக்கு வயது 42. அதன்பின் தொழில்முறைப் பயிற்சியாளர் ஆனார்.

சாதனை உண்மையில் உடைந்ததா?

பில்லி ஜீன் கிங் 1975-லேயே 19-ஐத் தொட்டுவிட்டார். 20-வது பட்டத்துக்கு நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. தான் உயிரோடு இருக்கும்போது சாதனை உடையக் கூடாது என்று ரையன் விரும்பியதாகச் சொல்வார்கள். ஒரு நாள் இடைவெளியில் அது அப்படியே நடந்தது.

ஆனால் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் வேறு படம் தெரியும். கிங்கின் 20-ல் ஒற்றையர் 6, மகளிர் இரட்டையர் 10, கலப்பு இரட்டையர் 4. நவ்ரத்திலோவா 2003-ல் நம் லியாண்டர் பயஸுடன் கலப்பு இரட்டையர் வென்று கிங்கின் 20-ஐச் சமன் செய்தார். அவருடைய கணக்கில் ஒற்றையர் 9, மகளிர் இரட்டையர் 7, கலப்பு 4.

ரையனுக்கு மகளிர் இரட்டையர் 12, கலப்பு இரட்டையர் 7. விம்பிள்டனில் ஒரு வீராங்கனை வென்ற மகளிர் இரட்டையர் பட்டங்களில் அந்த 12-ஐ இன்றுவரை யாரும் தொடவில்லை. மொத்த இரட்டையர் கணக்கான 19-ஐயும்தான்.

இன்றும் கிராண்ட்ஸ்லாம் போட்டிகளில் இரட்டையருக்குப் பரிசுத் தொகை குறைவு, கூட்டமும் குறைவு. ஒற்றையர்தான் டென்னிஸ் என்று பார்க்கும் வரை ரையன் பட்டம் வெல்லாத வீராங்கனையாகத் தெரிவார். இரட்டையரும் டென்னிஸ்தான் என்று ஒப்புக்கொண்டால், 1979 ஜூலை 7-ல் அவருடைய சாதனை உடையவே இல்லை.