எல்லைக்கோட்டில் பிறந்தவர்

தம்பி! வீடு நகரவில்லை, வயல் நகரவில்லை. எல்லைக்கோடு மட்டும் நகர்கிறது! பிரான்சின் லொரேன் மண்ணுக்கு நேர்ந்த கதி அது. 1871-ல் ஜெர்மனி அதைப் பறித்தது. அம்மண்ணின் பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஜெர்மன் குடிமகனாக்கப்பட்டார். அவர் மகன்தான் ராபர்ட் ஷூமான். 1886-ல் லக்சம்பர்க்கில் பிறந்து, மெட்ஸ் நகரில் வழக்கறிஞரானார். முதல் உலகப் போர் முடிந்ததும் பிரெஞ்சுக் குடிமகன்! ஆளைக் கேட்டா மாற்றினார்கள்? 1940-ல் கெஸ்டபோ சிறைப்பிடித்தது, 1942-ல் தப்பினார்.

அந்த ஷூமான், பிரான்சின் வெளிநாட்டமைச்சராக 1950 மே 9-ல் ஒரு திட்டம் அறிவித்தார். வகுத்துத் தந்தவர் ஜான் மொனே. பீரங்கி எதனால் ஆவது? நிலக்கரியால், எஃகால்! அவ்விரண்டையும் பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் பொது அதிகார மன்றம் ஒன்றிடம் ஒப்படைக்கட்டும், விரும்பும் நாடுகள் சேரட்டும் என்பது திட்டம்.

டிகோல் கட்சியினர் சீறினர், கம்யூனிஸ்டுகள் எதிர்த்தனர், எஃகு முதலாளிகளும் முகம் சுளித்தனர். நாட்டின் இறைமை போயிற்றாம்! கொடி போகவில்லை, நாடாளுமன்றம் போகவில்லை. போனது இரு தொழில்களின் மீதிருந்த தனி அதிகாரம், அதுவும் எல்லோருக்கும் ஒருசேர. ஆனால், நிலக்கரியை அப்போதுதான் நாட்டுடைமையாக்கியிருந்த பிரிட்டனின் தொழிற்கட்சி அரசு ஒதுங்கி நின்றதைக் கோழைத்தனம் என்பதற்கில்லை.

1951 ஏப்ரல் 18-ல் ஆறு நாடுகள் கையெழுத்திட்டன. வேலையிழக்கும் தொழிலாளிக்கு உதவித்தொகையும் மறுபயிற்சியும் ஒப்பந்தத்திலேயே இடம்பெற்றன. மன்றத்தில் அமர்ந்தவர்களில் ஒருவர் பெல்ஜியத் தொழிற்சங்கத் தலைவர் பால் ஃபினே.

ஷூமான் மணம்புரியாதவர். 1963-ல் மெட்ஸ் அருகே ஒரு சிற்றூரில் மறைந்தார். அந்த ஊர், அப்போது பிரான்சில் இருந்தது.