வளைவிலும் ஓடிய ஊசி!



ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் பார்த்திருக்கிறீர்களா? தேரில் உருளை உருளையாக வண்ணத் துணிகள் தொங்கி ஆடுமே, அவற்றுக்குத் தொம்பை என்று பெயர். பூ, அன்னம், யாளி என்று துணியை வெட்டி, தொம்பையின் மேல் வைத்துத் தைப்பார்கள். நேராகத் தைப்பது சுலபம். வளைவில் தைப்பதுதான் பாடு. ரவிக்கையின் கைக்குழி தைக்கும் தையற்காரரைக் கேளுங்கள், சொல்வார்!

வளைவிலும் நிற்காமல் ஓடும் தையல் மிஷினைச் செய்து காட்டியவர் ஐசக் மெரிட் சிங்கர். திருச்சிக் கடைத்தெருவில் பழைய மிஷின்களின் மேல் தங்க நிற எழுத்தில் இருக்குமே, அதே சிங்கர்தான்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1811-ல் பிறந்தார். 12 வயது வாக்கில் வீட்டை விட்டுக் கிளம்பி, அண்ணனிடம் போய்ச் சேர்ந்தார். இயந்திர வேலை கற்றார். ஆனால், மனசெல்லாம் நாடகத்தில்! 1839-ல் பாறையைத் துளைக்கும் கருவி ஒன்றைக் கண்டுபிடித்து, அதன் உரிமையை 2,000 டாலருக்கு விற்றார். அந்தப் பணத்தில் நாடகக் கம்பெனி தொடங்கி, ஊர் ஊராகச் சுற்றினார். பணம் கரைந்தது.

1850-ல் பாஸ்டன் நகரில் ஆர்சன் பெல்ப்ஸ் என்பவரின் பட்டறைக்கு வந்தார். அங்கே சரியாக ஓடாத தையல் மிஷின்கள் பழுதுபார்க்க வந்திருந்தன.

எலியாஸ் ஹோவ் என்பவர் 1846-லேயே ஒரு தையல் மிஷினுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். நுனியில் காது உள்ள ஊசியும், கீழ்நூல் கொண்டு வரும் நாடாவும் அதில் இருந்தன. ஆனால், துணியை ஒரு தகட்டின் முட்களில் குத்தித் தொங்கவிட வேண்டும். தகடு நேரானது, தையலும் நேராகத்தான் போகும். தகடு முடிந்ததும் நிறுத்தி, துணியை மறுபடி குத்த வேண்டும்.

சிங்கர் துணியை மேஜை போன்ற தட்டில் படுக்க வைத்தார். ஊசியை மேலிருந்து கீழே இறங்கச் செய்தார். ஊசி மேலே எழும்பும்போது துணியும் கூடவே வராமலிருக்க, அதை அழுத்திப் பிடிக்க ஒரு சின்ன இரும்புப் பாதம் வைத்தார். 'பிரஷர் ஃபுட்' என்கிறார்களே, அதுதான். பாதம் ஊசியின் அருகில் மட்டுமே அழுத்துவதால், மற்றத் துணியைக் கையால் எந்தப் பக்கமும் திருப்பலாம். அதிகம் திரும்ப வேண்டிய இடத்தில், ஊசியைத் துணிக்குள் நிறுத்தி, பாதத்தைத் தூக்கித் திருப்பி, மறுபடி இறக்கினால் போதும்.

ஜார்ஜ் ஜீபர் என்ற நண்பர் தந்த 40 டாலர்தான் முதல். இரவு பகலாக உழைத்து 11 நாளில் மிஷின் தயார். ஓட்டினால்... தையல் இறுகவே இல்லை! நடு இரவில் இருவரும் சோர்ந்து வீட்டுக்கு நடந்தார்கள். வழியில் ஒரு பலகைக் குவியலில் உட்கார்ந்தபோது, துணியின் மேல்பக்கம் நூல் தொளதொளவென்று சுருண்டு கிடந்ததை ஜீபர் சொன்னார். சிங்கருக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. மேல்நூலை இழுத்துப் பிடிக்கும் திருகைச் சரி செய்ய மறந்திருந்தார்! திரும்பி ஓடி அதைச் சரி செய்தார். ஐந்து தையல் ஒழுங்காக விழுந்தது.

1851 ஆகஸ்டு 12-ல் காப்புரிமை கிடைத்தது. ஹோவ் சும்மா இருப்பாரா? தம் ஊசியையும் பின்னல் முறையையும் எடுத்துக்கொண்டதாக வழக்குப் போட்டார். 1854-ல் சிங்கர் 15,000 டாலர் தர வேண்டியதாயிற்று. என்னைக் கேட்டால், ஹோவ் கேட்டது நியாயம்தான். சிங்கர் கொஞ்சம் முரட்டு ஆசாமி. பிறர் பங்கை லேசில் ஒப்புக்கொள்ளமாட்டார்.

1856-ல் அவரது பங்குதாரர் எட்வர்டு கிளார்க் தவணை முறையைக் கொண்டு வந்தார். சாதாரணக் குடும்பங்களுக்கும் மிஷின் போய்ச் சேர்ந்தது. இயந்திரங்களைக் கண்டால் எச்சரிக்கை செய்யும் காந்தியடிகள்கூட, 1924-ல் சிங்கர் தையல் மிஷினுக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்தார்!

கடைசிக் காலத்தில் சிங்கர் இங்கிலாந்தின் பெயின்டன் என்ற ஊரில் அரண்மனை போல ஒரு மாளிகை கட்டத் தொடங்கினார். அது முடிவதற்குள், 1875-ல் காலமானார்.

அடுத்த முறை தையல் கடைக்குப் போனால், ஊசிக்கு அடியில் குனிந்து பாருங்கள். இரண்டு விரல் நீட்டியது போல அந்தப் பாதம் தெரியும்.