தனிநாயகம் அடிகள் கடல் கடந்து தேடியவை இன்று கீரியில் ஒரு கைத்தொலைபேசியில்

கீரியில் எங்கள் வீட்டில் இரவு ஒன்பது மணிக்குப் பிறகுதான் இணையம் கொஞ்சம் வேகமாக வரும். கடந்த மாதம் அப்படியொரு இரவில் என் கைத்தொலைபேசியில் ஒரு படத்தை அம்மாவுக்குக் காட்டினேன். 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற நூலின் ஒரு பக்கம் அது. தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று நம்மிடம் எஞ்சியிருக்கும் நூல்களில் மிகப் பழையது. மொத்தமே 16 பக்கங்கள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தார்.

இதை ஆக்கியவர் போர்த்துக்கேயத் துறவியான அண்டிரிக் அடிகளார். 1560களின் தொடக்கத்தில் அவர் மன்னாரில் பணியாற்றினார், இங்கிருந்து கடிதங்கள் எழுதினார் என்று சொன்னேன். எங்கட மன்னாரிலா என்று அம்மா இரண்டு தரம் கேட்டார். ஐம்பது வருடம் இந்தத் தீவில் கோயிலுக்குப் போய்வந்தவருக்கு அது புதுச் செய்தி.

அந்தப் படம் என் கைக்கு வர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் இப்படியான நூல்கள் எங்கே கிடக்கின்றன என்று தமிழருக்கு எடுத்துச் சொல்ல ஒரு மனிதர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். அவர்தான் தவத்திரு சேவியர் தனிநாயகம் அடிகள்.

அவர் 1913ஆம் ஆண்டு ஆவணி 2ஆம் திகதி ஊர்காவற்றுறைக்கு அருகிலுள்ள கரம்பொன்னில் பிறந்தார். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் படித்தார். அந்தக் காலத்து நல்ல பாடசாலைகளில் எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில்தான். கெட்டிக்கார மாணவன் இலத்தீன் படிப்பான், தமிழ் வீட்டோடு நின்றுவிடும். சேவியரும் அப்படி வளர்ந்தவர்தான். கொழும்பில் குருமடம், பிறகு உரோமாபுரியில் இறையியல். 1938இல் அங்கே குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆபிரிக்கக் கரையின் பழைய கார்த்தேஜ் திருச்சபையைப் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டமும் பெற்றார். தமிழில் ஒரு சங்கப் பாட்டைத் தானாகப் படித்து விளங்கும் பயிற்சி அப்போது அவரிடம் இருக்கவில்லை.

ஊருக்குத் திரும்பாமல் அவர் தூத்துக்குடி மறைமாவட்டத்துக்குப் போனார். 1940இல் வடக்கன்குளத்துப் பாடசாலையில் ஆசிரியரானார். அங்கேதான் தன் தமிழ் எவ்வளவு போதாது என்பது அவருக்கு உறைத்தது. உரோமாபுரியில் முனைவர் பட்டம் வாங்கிய குருவானவர் ஒரு தமிழ்ப் பண்டிதரிடம் மாணவனாக உட்கார்ந்து பாடம் கேட்டார். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தமிழில் முதுகலை முடித்தார். தொடர்ந்து, சங்கப் பாடல்களில் இயற்கை என்ற பொருளில் ஆய்வுப் பட்டம். அந்த ஆய்வு ஆங்கிலத்தில் நூலாக வந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த வயதில் இனி என்ன படிப்பு என்று சொல்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

பிறகு அவர் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. தமிழ்நாடு, மலாயா, யப்பான், அமெரிக்கா, ஐரோப்பா என்று பேசிக்கொண்டே போனார். 1952இல் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். தமிழ் தெரியாத அறிஞருக்கும் தமிழில் என்ன இருக்கிறது என்று காட்டுவதே அதன் வேலை. அதே காலத்தில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளராகவும் இருந்தார். இலண்டன் பல்கலைக்கழகத்தில் பண்டைத் தமிழரின் கல்விச் சிந்தனையை ஆராய்ந்து இன்னொரு முனைவர் பட்டமும் எடுத்தார்.

போகும் நாடெல்லாம் அவர் நூலகங்களுக்குள் நுழைந்தார். தமிழ்ச் சுவடிகளும் பழைய அச்சு நூல்களும் ஐரோப்பாவில் எங்கெங்கே கிடக்கின்றன என்று எழுதினார். 1554இல் லிஸ்பனில், தமிழ்ச் சொற்களை உரோம எழுத்தில் வைத்து அச்சிட்ட சிறு செபநூல் இருந்தது. தம்பிரான் வணக்கம் அமெரிக்காவின் ஹார்வர்டில் இருந்தது. 1679இல் அம்பலக்காட்டில் அச்சான அந்தாம் தெ ப்ரொயென்சாவின் தமிழ்–போர்த்துக்கேய அகராதி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அந்த அகராதியை நிழற்பட முறையில் அப்படியே மறுபதிப்புச் செய்து 1966இல் மலாயாவிலிருந்து அவர் வெளியிட்டார். முந்நூறு வருடங்களுக்கு முன் இந்தக் கரைகளில் புழங்கிய பேச்சுத் தமிழ்ச் சொற்கள் அதில் கிடக்கின்றன.

அவர் செய்ததை இன்றைய பேச்சில் சொன்னால், கருவி இல்லாத காலத்தில் செய்த எண்ணிமமாக்கல். ஓரிடத்தில் பூட்டிக் கிடக்கும் ஒரே பிரதியைப் படமெடுத்துப் பலர் கையில் கொடுப்பதுதானே அது.

1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைத் தலைவராகப் போனார். 1964 தை மாதம் புதுடில்லியில் கீழைத்தேயவியல் அறிஞர் மாநாடு கூடியபோது, அங்கே உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. அவரும் செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபிலும் செயலாளர்கள். 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு. அடுத்து 1968இல் சென்னை, 1970இல் பாரிஸ். கோலாலம்பூர் மாநாடு நடந்த அதே 1966இல் அவர் இன்னொரு நூலும் கொண்டுவந்தார். தமிழியல் பற்றிய நூல்களைப் பட்டியலிடும் வழிகாட்டி அது. கதையோ கவிதையோ இல்லாத, வெறும் நூற்பெயர்கள் நிரம்பிய புத்தகம். மேடைப்பேச்சுக்கு ஊரே கைதட்டும், பட்டியலுக்கு யார் கைதட்டுவார்கள்? ஆனால் பட்டியல் இல்லாமல் தேடல் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அவர் எழுதியதில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருந்தது, படித்தவர்களையே சென்றடைந்தது. அந்த வழிகாட்டியில் ஒரு நூலின் பெயரைக் கண்டுபிடித்தாலும், கீரியில் கரைவலை இழுப்பவரின் மகளால் அதை எடுத்துப் படிக்க முடிந்திருக்குமா? புத்தகம் எங்கே இருக்கிறது என்று தெரிவது ஒன்று, அது கைக்கு எட்டுவது வேறொன்று. அந்த இடைவெளியைத் தனி ஒருவரால் நிரப்பியிருக்கவும் முடியாது.

நான்காவது மாநாடு 1974 தை மாதம் யாழ்ப்பாணத்தில் நடந்தது. அதன் இறுதி நாளான 10ஆம் திகதி பொலிசார் கூட்டத்துக்குள் புகுந்ததையும், பறிபோன உயிர்களையும் இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அடிகள் 1980ஆம் ஆண்டு புரட்டாதி 1ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் காலமானார். சரியாக ஒன்பது மாதங்கள் கழித்து, 1981 வைகாசி 31 நள்ளிரவில் யாழ். பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகையின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. அந்தத் தீயை அவர் பார்க்கவில்லை.

நூலகம் எரிந்ததை உலகம் அறியும். எங்கள் வீடுகளில் அழிந்தவற்றுக்குக் கணக்கில்லை. 1990இல் மன்னாரிலிருந்து மடுவுக்கு ஓடியவர்களும், இரவோடிரவாக வள்ளத்தில் இராமேசுவரத்துக்குப் போனவர்களும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. அந்த ஐப்பசியில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களாலும் எதையும் கொண்டுபோக முடியவில்லை. எங்கள் வீட்டில் விட்டுப்போன றங்குப்பெட்டியில் அம்மாவின் பாடசாலைப் புத்தகங்களும், அவருடைய அண்ணன் எழுதிய ஒரு சிறு கட்டுரை வந்த மலரும் இருந்தன. பெரியமாமா அந்த வருடத்திலேயே காணாமற்போனார். அவருடைய பெயர் அச்சில் வந்த ஒரே இடம் அந்த மலர். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, உள்ளே பெட்டியும் இல்லை.

அழிந்ததை எண்ணி அழுதுகொண்டிராமல் சிலர் வேலையைத் தொடங்கினார்கள். 2005இல் நூலகம் என்ற இணையத் தளம் உருவானது. ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள், நினைவு மலர்கள் என்று ஒவ்வொன்றாகப் படமெடுத்து ஏற்றினார்கள். எரிந்த அலுவலகத்தின் ஈழநாடு இதழ்கள் பலவற்றை இன்று அங்கே காணலாம். ஊடகக் கற்கை படித்த நாட்களில், பழைய பத்திரிகை தேடி வாசிகசாலைகளில் கைவிரிக்கப்பட்டுத் திரும்பிய எனக்கு, என் இறுதியாண்டு ஆய்வை முடித்துத் தந்தது அந்தத் தளம்தான்.

பயன்படுத்துவது கடினமில்லை. அங்கத்துவம் வேண்டாம், காசும் வேண்டாம். நூலின் பெயரையோ எழுதியவரின் பெயரையோ தமிழிலேயே தட்டித் தேடுங்கள். ஒரு எழுத்துக்கூட்டலில் வராவிட்டால் இன்னொன்றை முயலுங்கள்: ஸ்ரனிஸ்லாஸ், ஸ்டனிஸ்லாஸ் இரண்டும் நம் அச்சில் உண்டு. ஒவ்வொரு பதிவிலும் கோப்பின் அளவு போட்டிருக்கும். டேற்றா குறைவென்றால் அதைப் பார்த்துவிட்டுத் தரவிறக்குங்கள். ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலும் வாசிக்கலாம். பழந்தமிழ் இலக்கியம் வேண்டுமென்றால், 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்தில் எழுத்து வடிவில் கிடைக்கும், அது இன்னும் எடை குறைவு. தமிழ்நாட்டில் வெளிவந்த பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. பதிப்புரிமை காரணமாகச் சில நூல்கள் திறக்காது. அதற்காகச் சோர்ந்துவிட வேண்டாம்.

பெரியமாமாவின் கட்டுரையை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அதே பாடசாலையின் வேறு வருடத்து மலர் ஒன்று கிடைத்தது. அந்த வருடத்து மலர் இல்லை. யாரோ ஒருவர் தன் பிரதியைக் கொடுத்ததால்தான் கிடைத்தது கிடைத்திருக்கிறது. கொடுக்காதது எந்தத் தேடலிலும் வராது. இணையத்தில் எல்லாம் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இப்போது ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மா வயதானவர்களை மறித்து, பழைய மலர் ஏதும் இருக்கிறதா என்று கேட்கிறார். போன கிழமை ஒரு ஆச்சி சேலைத்துண்டில் சுற்றி ஒரு கல்வெட்டைக் கொண்டுவந்து தந்தார். அவருடைய கணவரின் முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அச்சிட்டது. ஓரங்களைக் கறையான் தின்றிருந்தது. உள்ளே வம்சாவழி முழுவதும் இருந்தது: யார் எந்தக் கரையிலிருந்து வந்து குடியேறினார், யார் யாரைக் கட்டினார் என்று. ஆச்சி அதைக் கையை விட்டுக் கொடுக்கமாட்டேன் என்றார். அவருடைய வீட்டு விறாந்தையில் வெளிச்சம் விழும் இடத்தில் வைத்து, ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

இருபத்திரண்டு பக்கங்கள். இந்த வாரம் அவற்றை அனுப்பப் போகிறேன். உங்கள் றங்குப்பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். எங்கள் பெரியமாமா உங்கள் பெட்டிக்குள் இருக்கக்கூடும்.