அடுப்பில் சுட்ட ரப்பர்

உங்கள் பென்சில் பெட்டியில் உள்ள ரப்பரைக் கையில் எடுங்கள். 1770-ஆம் ஆண்டு வாக்கில், இங்கிலாந்தில் ரப்பர் இந்த வேலைக்குத்தான் விற்கப்பட்டது. அதே ரப்பர் இன்று லாரியையும் விமானத்தையும் தாங்குகிறது. இதற்கு வழி செய்தவர் சார்லஸ் குட்இயர்.

அவர் 1800 டிசம்பர் 29 அன்று, அமெரிக்காவில் நியூ ஹேவன் என்ற ஊரில் பிறந்தார். தந்தையோடு சேர்ந்து செய்த வியாபாரம் நொடித்துப் போனது. கடனைக் கட்ட முடியாமல் சிறைக்கும் போனார்.

அந்தக் காலத்தில், தென் அமெரிக்கக் காட்டு மரங்களின் பாலிலிருந்து ரப்பர் கிடைத்தது. அதில் காலணியும் மழைக்கோட்டும் செய்தார்கள். ஆனால் கோடையில் அவை பிசின் போல உருகி நாறின; குளிர்காலத்தில் விறைத்து வெடித்தன. வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். பல கம்பெனிகள் மூடப்பட்டன.

இந்தக் குறையை நீக்கியே தீருவது என்று குட்இயர் உறுதி பூண்டார். மெக்னீசியா, சுண்ணாம்பு, நைட்ரிக் அமிலம் என ஒவ்வொன்றாக ரப்பரில் சேர்த்துப் பார்த்தார். அரசாங்கத்துக்கு அவர் செய்த தபால் பைகள்கூட வெயிலில் கெட்டுப் போயின. வீட்டில் வறுமை. சாமான்கள் அடகுக்குப் போயின. ஊர் சிரித்தது. அவர் விடவில்லை.

1839-இல் ஒருநாள், கந்தகம் கலந்த ரப்பர் தற்செயலாகச் சூடான அடுப்பின் மேல் பட்டது. உருகி வழியும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை, தோல் போலக் கருகி உறுதியானது! எவ்வளவு கந்தகம், எவ்வளவு சூடு என்று கண்டறிய மேலும் சில ஆண்டுகள் உழைத்து, 1844-இல் காப்புரிமை பெற்றார். இம்முறைக்கு 'வல்கனைசிங்' என்று பெயர். கந்தகம் ரப்பரின் நீண்ட இழைகளுக்கு இடையே பாலம் போட்டது போலப் பிணைக்கிறது. அதனால் ரப்பர் இழுத்தாலும் பழைய நிலைக்குத் திரும்புகிறது, வெயிலில் உருகுவதில்லை.

அதன் பிறகு இயந்திரங்களுக்கு பெல்ட், குழாய், வாஷர் எல்லாம் ரப்பரில் வந்தன. 1888-இல் டன்லப் காற்றடைத்த சைக்கிள் டயரைச் செய்தார். மோட்டார் வண்டிகள் பெருகவே, எல்லா நாடுகளும் ரப்பரைத் தேடி அலைந்தன.

இதைப் பார்க்க குட்இயர் உயிரோடு இல்லை. வழக்குகளிலும் கடனிலும் பணமெல்லாம் கரைய, 1860 ஜூலை 1 அன்று காலமானார். அப்போது அவருக்கு இருந்த கடன் சுமார் 2 லட்சம் டாலர்! 1898-இல் தொடங்கிய டயர் கம்பெனி அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. அவர் குடும்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

குழந்தைகளே, மரத்தில் பால் காலங்காலமாக வடிந்துகொண்டுதான் இருந்தது. அதன் குணத்தை மாற்ற ஒருவர் பாடுபட்ட பிறகே உலகம் சக்கரத்தில் வேகமாக ஓடியது. அடுத்த முறை சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது குட்இயரை நினைத்துக்கொள்வீர்கள் அல்லவா?